வறுப்பவர் கையில் விலை

வீட்டில் காப்பிக்கொட்டை வறுப்பது குறித்து நம்மிடையே இரண்டு கருத்துகள் உலவுகின்றன. அது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்பது முதலாவது. அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்தில் இறைச்சி வாட்டும் எரிவாயு அடுப்புக்குள் துளையிட்ட எஃகு உருளை ஒன்றைக் கம்பியில் கோத்து, சிறு மோட்டாரால் சுழற்றி, அரைக் கிலோவும் ஒரு கிலோவுமாகத் தமக்கு வேண்டிய கொட்டையைத் தாமே வறுத்துக்கொள்ளும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அந்தக் காணொளிகளைக் காணும் நம்மவர்கள் 'பணமும் நேரமும் இருப்பவர் செய்யும் வேலை' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். இரண்டாவது கருத்து இதற்கு நேர்மாறானது. வறுத்தல் என்பது நுண்கலை. பயிற்சி பெற்ற வல்லுநரும் பல லட்சம் ரூபாய் பெறுமான இயந்திரமும் இல்லாமல் அதில் கை வைப்பவர் கொட்டையைக் கெடுப்பார். ஆகவே விளைவிப்பவர் விளைவிப்பதோடு நிற்கட்டும் என்பது அது.

முதல் கருத்து வறுப்பதை விளையாட்டாக்குகிறது. இரண்டாவது அதை வேதமாக்குகிறது. இரண்டும் சென்று சேரும் இடம் ஒன்றே: நெல்லியாம்பதியிலும் இடுக்கியிலும் காப்பி பயிரிடும் சிறு விவசாயி வறுக்க வேண்டியதில்லை. இந்த முடிவை மறுப்பதற்காகவே இப்பதிவை எழுதுகிறேன். காப்பியில் விலை நிர்ணயமாகும் இடம் வறுக்கும் அடுப்பு. அந்த அடுப்பை மலையில் மூட்டுவதற்குக் கைக்கெட்டாத கருவி எதுவும் தேவையில்லை. ஓர் இரும்பு உருளையும் எரிவாயு அடுப்பும் முறமும் போதும். தடையாக நிற்பவை வேறு. அவற்றைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

மலையிலிருந்து இறங்குவது எது?

பாலக்காட்டு மாவட்டத்தில் நென்மாறையிலிருந்து போத்துண்டி அணையைக் கடந்து ஏறினால் நெல்லியாம்பதி. ஆனைமலையின் தென்கோடியிலும் அதற்கப்பால் ஏலமலையிலும் பரந்து கிடப்பது இடுக்கி. இரண்டுக்கும் பொதுவானது தமிழ்நாட்டு எல்லை. பாலக்காட்டுப் பக்கம் கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கு இறங்கலாம். இடுக்கியிலிருந்து சின்னாறு வழியாக உடுமலைக்கும், போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூருக்கும், குமுளி வழியாகக் கம்பத்துக்கும் இறங்கலாம். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் நின்றன. இம்மலைகளில் தோட்டங்களை உருவாக்கிய உழைப்பாளரில் பெரும்பகுதியினர் தமிழ் நிலத்திலிருந்து ஏறி வந்தவர்கள். ஆகவே இது தமிழில் பேசப்பட வேண்டிய செய்தியும்கூட.

காப்பி வாரியம் கேரளத்தின் காப்பி நிலங்களை வயநாடு, திருவிதாங்கூர், நெல்லியாம்பதி என மூன்றாகப் பகுத்துச் சொல்வது வழக்கம். இவற்றுள் திருவிதாங்கூர் என்பது பெருமளவு இடுக்கியே. 2019இல் இந்தியக் காப்பி வகைகள் ஐந்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது: குடகு அராபிகா, சிக்கமகளூர் அராபிகா, பாபாபுடன்கிரி அராபிகா, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகா, வயநாடு ரோபஸ்டா. நெல்லியாம்பதியின் பெயரோ இடுக்கியின் பெயரோ அப்பட்டியலில் இல்லை. குறியீடு இல்லாததைக் குறையாகச் சொல்ல வரவில்லை. பெயர் ஏன் நிலைக்கவில்லை என்பதே கேள்வி. மலையிலிருந்து இறங்கும் காப்பியைப் பார்த்தால் விடை தெரியும். சிறு விவசாயிகளின் விளைச்சலில் பெரும்பகுதி களத்தில் உலர்த்திய காயாகவே மூட்டை கட்டப்படுகிறது. தோல் நீக்குவது ஓரிடம், தரம் பிரிப்பது ஓரிடம், வறுப்பது வேறோரிடம், அரைத்துப் பொட்டலம் கட்டுவது இன்னோரிடம். உலர்ந்த காய்க்கு ஊர்ப்பெயர் கிடையாது. பத்து ஊர்க் காய்கள் ஒரே குவியலில் கலந்தபின் அதில் சாந்தன்பாறை எது, பாடகிரி எது என்று எவராலும் சொல்ல முடியாது.

ஓர் எளிய கணக்கு

ஏறத்தாழ ஐந்து கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். இதை மலைநாட்டில் 'பருப்பு' என்பார்கள். பருப்பை வறுக்கும்போது ஈரமும் பிறவும் நீங்கி எடை 15 முதல் 20 விழுக்காடு வரை குறையும்.

இப்போது உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் காப்பித்தூள் பொட்டலத்தை எடுத்து, அதில் அச்சிட்டிருக்கும் சிக்கரி விகிதத்தைப் பாருங்கள். இந்திய உணவுச் சட்ட விதிகளின்படி, காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அதாவது 49 விழுக்காடு வரை சிக்கரி இருக்கலாம். 60க்கு 40 என்ற கலவையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ தூளில் 600 கிராம்தான் காப்பி. அந்த 600 கிராமுக்குத் தேவைப்பட்ட பருப்பு ஏறத்தாழ 715 கிராம். பழமாகக் கணக்கிட்டால் சுமார் மூன்றரைக் கிலோ. பொட்டலத்தின் விலையை ஒரு பக்கமும், அந்த அளவு காய்க்கு மலையில் கிடைத்த விலையை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். நான் எண் தரப்போவதில்லை. விலை வாரந்தோறும் மாறும். ஆனால் இடைவெளி எந்த வாரத்திலும் மறையாது.

சிக்கரியை நான் பழிக்கவில்லை. அந்த வேரின் கசப்புக்குப் பழகிய நாக்குகள் கோடிக்கணக்கில் உள்ளன. ஆனால் தன் களத்தில் காப்பி உலர்த்தும் ஒரு குடும்பம், அதை விற்ற பணத்தில் குஜராத்தில் விளைந்த வேர் பாதிக்குப் பாதி கலந்த தூளை வாங்கிக் குடிக்கிறது என்றால், அந்த வணிகச் சங்கிலியில் ஏதோ கோணல் இருக்கிறது என்று சொல்ல ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை.

அடுப்பின் மீது அதிகாரம்

வறுப்பதில்தான் ஆதாயம் இருக்கிறது என்பதை விவசாயிகள் அறியாதிருக்கலாம். அரசுகள் எப்போதுமே அறிந்திருந்தன. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1781இல் காப்பி வறுப்பதை அரசின் ஏகபோகமாக்கினார். உரிமம் இல்லாத குடிமக்கள் வீட்டில் கொட்டை வறுப்பது குற்றமாயிற்று. எந்த வீட்டிலிருந்து வறுபடும் மணம் வருகிறது என்று தெருத்தெருவாக மோப்பம் பிடித்துக் கண்டறிய, போரில் ஊனமுற்ற பழைய படைவீரர்கள் அமர்த்தப்பட்டனர். மக்கள் அவர்களைக் 'காப்பி மோப்பக்காரர்' என்றே அழைத்தனர். வீட்டு அடுப்பில் வறுபடும் கொட்டை அரசின் வருவாயைக் குறைக்கும் என்பதை அந்த மன்னர் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்.

நம் நாட்டுக் கதைக்கு நோக்கம் வேறு. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது, விலை சரிந்து விவசாயி அழியாமல் காக்க 1942இல் காப்பிச் சட்டம் வந்தது. விளைந்த காப்பி வாரியத்தின் பொதுத்தொகுப்புக்குச் செல்ல வேண்டும். வீட்டு உபயோகத்துக்கும் விதைக்குமான அளவை மட்டும் விவசாயி வைத்துக்கொள்ளலாம். விற்பனையை வாரியம் பார்த்துக்கொள்ளும். பணம் தவணை தவணையாக வரும். அக்காலச் சூழலில் அது பாதுகாப்பு. அதை மறுப்பது வரலாற்றுக்கு அநீதி. ஆனால் 1990களில் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு 1996இல் முழுமையாக விலகும் வரை, அரை நூற்றாண்டுக் காலம் நீடித்த அந்த ஏற்பாடு விவசாயிக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது: காயை உலர்த்து, மூட்டை கட்டு, ஒப்படை. அதற்குமேல் உனக்கு வேலையில்லை. சட்டம் போயிற்று; பழக்கம் போகவில்லை. வாரியம் நின்ற இடத்தில் வியாபாரி வந்து நின்றார்.

உலகச் சந்தைக்கு வருவோம். இந்தியா விளைவிக்கும் காப்பியில் மூன்றில் இரு பங்கு அளவுக்கு ஏற்றுமதியாகிறது. வாங்குவோரில் முதன்மையானது இத்தாலி. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சுங்க அட்டவணையில் பச்சைக் கொட்டைக்கு வரி இல்லை. வறுத்த கொட்டைக்கு 7.5 விழுக்காடு வரி உண்டு. சில நாடுகளுக்குச் சலுகைகள் தரப்பட்டிருந்தாலும் அட்டவணையின் குணம் அதனால் மாறுவதில்லை. 'கொட்டையை அனுப்புங்கள், வறுப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பதே அதன் பொருள். ஒரு காப்பிச் செடியும் வளராத ஜெர்மனி வறுத்த காப்பியை ஏற்றுமதி செய்யும் பெருநாடுகளில் ஒன்றாக இருப்பதற்கு இத்தகைய ஏற்பாடுகளும் ஒரு காரணம்.

ஆகவே 'வீட்டில் வறுப்பது பொழுதுபோக்கு' என்று சொல்பவரிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம். பொழுதுபோக்குக்கா ஒரு மன்னர் மோப்பக்காரர்களை வைத்தார்? பொழுதுபோக்குக்கா ஒரு கண்டம் சுங்கச் சுவர் எழுப்பியிருக்கிறது?

தரம் என்னும் பூச்சாண்டி

இனி இரண்டாவது கருத்து. சிறிய உருளையில் வறுத்தால் தரம் கெடும் என்கிறார்கள். காப்பியின் தரம் உலகெங்கும் எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். ஒரு சரக்கிலிருந்து கைப்பிடி மாதிரி எடுத்து, நூறு நூற்றைம்பது கிராம் கொள்ளும் சிறு உருளையில் வறுத்து, பொடித்து, கொதிநீர் ஊற்றி, கரண்டியால் உறிஞ்சிச் சுவைத்துத்தான் சுவைஞர்கள் மதிப்பெண் இடுகிறார்கள். டன் கணக்கான சரக்கின் விலையைத் தீர்மானிப்பது சின்னஞ்சிறு உருளையில் வறுபட்ட அந்தக் கைப்பிடிதான். வாங்குபவரின் மேசையில் நம்பகமாக இருக்கும் சிறு உருளை, விளைவிப்பவரின் முற்றத்துக்கு வந்தவுடன் தரமற்றதாகிவிடுமா? சுவைக்கூடத்தின் உருளைக்கு வெப்பமானியும் காற்றோட்டக் கட்டுப்பாடும் உண்டு என்பது உண்மையே. வெப்பமானி வாங்குவது ஒரு பெரிய செலவில்லை. மீதி, கையும் காதும் கற்றுக்கொள்ளும் பழக்கம்.

காப்பியின் தாயகமான எத்தியோப்பியாவில் விருந்தினர் வந்தால் அவர் கண்ணெதிரே பச்சைக் கொட்டையைக் கழுவி, தட்டையான சட்டியில் வறுத்து, அந்தப் புகையை அவர் முகர்ந்து பார்க்கக் கொடுத்து, இடித்துக் காய்ச்சிப் பரிமாறுவார்கள். அந்நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ பாதி அந்நாட்டிலேயே குடிக்கப்படுகிறது. வறுக்கும் அறிவை வீட்டுக்குள் வைத்துக்கொண்ட மக்கள் அவர்கள். அவர்களிடம் போய் 'உங்களுக்கு வறுக்கத் தெரியாது' என்று எவரும் சொல்வதில்லை.

நம்மிடமும் அந்த அறிவு இல்லாமல் போகவில்லை. கல்பாத்தி போன்ற பாலக்காட்டு அக்கிரகாரங்களிலும் தமிழகத்து வீடுகளிலும், கரி அடுப்பின்மேல் கைப்பிடியால் சுழற்றும் இரும்பு உருளை ஒரு தலைமுறைக்கு முன்வரை அன்றாடப் பண்டம். இடுக்கி மலையடுக்களைகளில் வாணலியில் காப்பிக்கொட்டையை வறுத்து, வெந்தயமோ சுக்கோ சீரகமோ ஏலமோ சேர்த்துப் பொடித்து, வெல்லமிட்டுக் கட்டன் காப்பியாகக் குடிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் இவ்விரண்டு மரபுகளுக்கும் நாம் தரும் மதிப்பு ஒன்றா? அக்கிரகாரத்து உருளையைப் பண்பாட்டுச் சின்னமாகப் போற்றுகிறோம். மலையடுக்களையின் வாணலியை ஏழைமையின் அடையாளமாகக் கருதுகிறோம். காப்பி தமிழ்நாட்டில் மேட்டுக்குடி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பவரின் பானமாகவும் பிரிந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் ஆராய்ந்திருக்கிறார். அந்தப் பிரிவினையின் நிழல் இன்றும் வறுக்கும் அடுப்பின்மேல் விழுந்துகொண்டிருக்கிறது. நகரத்து இளைஞர் வறுத்தால் கைவினை. லயத்து வீட்டில் வறுத்தால் கரி.

செய்முறை மறைபொருள் இல்லை

வறுப்பதைப் பூடகமாக வைத்திருப்பதே அதிகாரத்தின் பாதி என்பதால், வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். பருப்பின் ஈரம் 10 முதல் 12 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். கறுத்தவை, உடைந்தவை, பூச்சி துளைத்தவை ஆகியவற்றைப் பொறுக்கி எறிய வேண்டும். உருளையை முதலில் சூடாக்கி, அதன் கொள்ளளவில் பாதிக்கு மேற்படாமல் கொட்டையை இட்டு, நிறுத்தாமல் ஒரே வேகத்தில் சுழற்ற வேண்டும். கொட்டை முதலில் பச்சை நீங்கி வைக்கோல் நிறமாகும். புல் மணம் போய் ரொட்டி மணம் வரும். 200 பாகை செல்சியஸை ஒட்டி, சோளம் பொரிவதுபோல் 'படபட'வென்ற முதல் வெடிப்பு கேட்கும். அதுவே இளவறுவலின் தொடக்கம். வடிகட்டிக் காப்பிக்கு இன்னும் சற்றுக் கருக வேண்டும் என்பவர்கள், 225 பாகையை ஒட்டி வரும் மெல்லிய இரண்டாம் வெடிப்பின் வாயிலில் இறக்கலாம். அதற்கு மேல் எண்ணெய் கசியும். பின்பு கரிதான் மிஞ்சும். மொத்தம் 15 நிமிட அளவான வேலை.

இறக்கியதும் சில நிமிடங்களில் ஆற்ற வேண்டும். இல்லையேல் தன் சூட்டிலேயே மேலும் வறுபடும். இதற்கு வெளிநாட்டு ஆர்வலர்கள் மின்விசிறி பொருத்திய தட்டுகள் செய்துகொள்கிறார்கள். நம்மிடம் முறம் இருக்கிறது. முறத்தில் புடைத்தால் கொட்டையும் ஆறும், உதிர்ந்த மெல்லிய தோலும் பறக்கும். நெல்லும் உளுந்தும் புடைத்த கைகளுக்கு இதைக் கற்பிக்க எவரும் வர வேண்டியதில்லை.

இடர்களையும் சொல்ல வேண்டும். உதிரும் தோல் தீப்பற்றும். புகையும் கரியமில வாயுக்களும் மூடிய அறையில் ஆபத்தானவை. ஆகவே அடுக்களைக்குள் செய்யாமல், திறந்த தாழ்வாரத்தில், வாளியில் மணலோ நீரோ வைத்துக்கொண்டு செய்வதே முறை. விற்பனைக்கு வறுப்பவர் வீட்டுச் சமையல் சிலிண்டரைப் பயன்படுத்துவது விதிமீறல். 19 கிலோ வணிகச் சிலிண்டரே வேண்டும். சிறு அளவில் உணவுப்பொருள் செய்து விற்பவருக்குப் பேராலைகளுக்குரிய உரிமம் தேவையில்லை. எளிய பதிவு போதும். இவை கவனிக்க வேண்டிய நடைமுறைகள்; மலைக்க வேண்டிய தடைகள் அல்ல.

எதிர்வாதங்கள்

நேர்மையான எதிர்வாதங்கள் நான்கு உண்டு.

முதலாவது: இவ்வளவு சிறிய உருளையால் எவ்வளவு வறுக்க முடியும்? கணக்கிடுவோம். ஒரு முறைக்கு அரைக் கிலோ. சூடாக்குவதும் ஆற்றுவதும் சேர்த்து மணிக்கு மூன்று முறை. நாளுக்கு நான்கு மணி நேரம். ஆறு கிலோ பருப்பு ஆகிறது. ஓர் ஏக்கரில் 300 கிலோ பருப்பு விளைகிறது என்று கொண்டால் அதை முழுவதும் வறுக்க 50 நாட்கள் போதும். இந்தியக் காப்பி நிலவுடைமைகளில் மிகப் பெரும்பான்மை பத்து ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு விவசாயிகளுடையவை. ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு உருளை சிறியதாக இல்லை. முழு விளைச்சலையும் வறுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நான்கில் ஒரு பங்கை வறுக்க முடிகிற விவசாயி, மீதி மூன்று பங்கை விற்கும்போது வியாபாரியிடம் பேசும் குரலே மாறிவிடும்.

இரண்டாவது: யார் வாங்குவார்? பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் கெடாது. வறுத்த கொட்டை சில வாரங்களில் மணம் இழக்கத் தொடங்கும். பொடித்தால் இன்னும் விரைவாக. தொலைதூர ஆலைகளால் எளிதில் தர முடியாத ஒன்று புதுமணம். நெல்லியாம்பதிக்கும் மூணாறுக்கும் தேக்கடிக்கும் வரும் பயணிகளை விடுங்கள். பாலக்காடு, கோவை, பொள்ளாச்சி, தேனி, மதுரை என மலையடிவாரத்திலிருந்து சில மணி நேரத் தொலைவில், காலைக் காப்பி இல்லாமல் விடியாத நகரங்கள் வரிசையாக இருக்கின்றன. திங்களன்று வறுத்தது புதனன்று அங்கே வடிகட்டியில் இறங்க முடியும்.

மூன்றாவது: இப்போது விலை நன்றாக இருக்கிறதே, ஏன் இந்தச் சிரமம்? உண்மைதான். 2024லிலும் 2025 தொடக்கத்திலும் ரோபஸ்டா விலை உலகச் சந்தையில் டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டி வரலாறு காணாத உயரம் தொட்டது. ஆனால் அந்த விலை எங்கே முடிவாகிறது? ரோபஸ்டாவுக்கு லண்டன்; அராபிகாவுக்கு நியூயார்க். 1989இல் பன்னாட்டுக் காப்பி உடன்பாட்டின் பங்கீட்டு முறை குலைந்தபின் வந்த சரிவுகளையும், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கேரள மலைநாட்டு விவசாயிகள் கடனில் மூழ்கியதையும் மறந்துவிட்டோமா? வயநாட்டில் அது உயிர்களையும் பறித்தது. வறுத்த கொட்டையும் உலக விலையிலிருந்து முற்றாகத் தப்பாது. எனினும் காயின் விலை சரியும் வேகத்தில் வறுத்த தூளின் விலை கடையில் சரிவதில்லை என்பதை வாங்குகிற எல்லோரும் அறிவோம். சரிவின்போது அந்த இடைவெளி யாரிடம் தங்குகிறது என்பதே கேள்வி. விலை நன்றாக இருக்கும் ஆண்டுதான் உருளை வாங்கக் கைப்பணம் இருக்கும் ஆண்டும்.

நான்காவதே மிகக் கனமானது: உருளையைச் சுழற்றுவது யார்? பழம் பறிப்பதும் களத்தில் துழாவுவதும் பெரும்பாலும் பெண்கள். வறுப்பதையும் 'வீட்டு வேலை' என்ற பெயரில் அவர்கள் தலையில் ஏற்றினால், ஆதாயம் ஆணின் சட்டைப்பையிலும் புகை பெண்ணின் நுரையீரலிலும் தங்கும். இதை மழுப்ப முடியாது. ஆகவே நான் பரிந்துரைப்பது தனித்தனி அடுக்களைகளில் கூலியில்லாமல் நடக்கும் வறுவலை அல்ல. கேரளத்தில் குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள் ஊர்தோறும் இருக்கின்றன. ஓர் அயல்கூட்டத்துக்கு இரண்டு உருளைகள், காற்றோட்டமான ஒரு கொட்டகை, வறுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் எழுதப்பட்ட கூலி, மீதியில் பங்கு. இந்த அமைப்பு இல்லாமல் உருளை மட்டும் வந்தால் அது இன்னொரு சுமையாகத்தான் முடியும்.

முன்மாதிரி நம்மிடமே உண்டு

இடுக்கி மாவட்டத்திலேயே மறையூருக்கும் காந்தளூருக்கும் போய்ப் பாருங்கள். அங்கே கரும்பு விளைவிப்பவர் கரும்பை வண்டியேற்றித் தொலைவிலுள்ள ஆலைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில்லை. வயலை ஒட்டிய கொட்டகையிலேயே சாறு பிழிந்து, பெரிய கொப்பரையில் காய்ச்சி, கையால் உருட்டி வெல்லமாக்குகிறார்கள். எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பதை அந்தக் கைகள் அறியும். 2019இல் மறையூர் வெல்லம் புவிசார் குறியீடு பெற்றது. அதன் பெயரில் போலிகள் விற்கப்படுகின்றன என்ற முறையீடு இருப்பதே அப்பெயருக்கு மதிப்பு இருப்பதன் சான்று. உலர்ந்த காப்பிக்காய்க்கு யாராவது போலிப் பெயர் வைப்பார்களா? ஒரே மாவட்டம், ஒரே எல்லை, ஏறத்தாழ ஒரே மக்கள். கொப்பரை விவசாயியிடம் இருந்ததால் வெல்லத்துக்கு ஊர்ப்பெயர் வந்தது. உருளை அவரிடம் இல்லாததால் காப்பிக்கு வரவில்லை.

இன்னொரு முன்மாதிரியும் உண்டு. 1950களில் காப்பி வாரியம் தன் காப்பி இல்லங்களை மூடி ஊழியர்களை வெளியேற்றியபோது, ஏ. கே. கோபாலனின் முன்முயற்சியில் அந்த ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக்கொண்டனர். கேரளத்தில் 1958இல் திருச்சூரில் அவர்களது முதல் இந்தியன் காப்பி ஹவுஸ் திறந்தது. பரிமாறுபவர்களுக்கு நிர்வாகம் தெரியாது என்று சொன்னவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சங்கங்கள் நடக்கின்றன. காப்பியின் கடைசிக் கண்ணியை உழைப்பாளர்கள் கைப்பற்றிக் காட்டிய இதே மாநிலத்தில், நடுக்கண்ணியை விளைவிப்பவர்கள் ஏன் கைப்பற்றக் கூடாது?

கேட்க வேண்டியவை

காப்பி வாரியம் வறுத்தலும் காய்ச்சலும் பற்றிய 'காப்பி சாஸ்திரம்' என்னும் பயிற்சியைப் பெங்களூருவில் நடத்திவருகிறது. வறுக்கும் இயந்திரங்களுக்கு மானியமும் தந்திருக்கிறது. நல்லவையே. ஆனால் புலயம்பாறையிலிருந்தோ பூப்பாறையிலிருந்தோ ஒரு பெண் ஒரு வாரக் கூலியை இழந்து பெங்களூருக்குப் போய்ப் பயில்வார் என்று எதிர்பார்ப்பது நடவாத காரியம். பயிற்சி மலைக்கு வர வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் நடக்க வேண்டும். மானியப் பட்டியலில் லட்சங்களில் தொடங்கும் இயந்திரங்களுக்குக் கீழே, கையால் சுழற்றும் உருளைக்கும் ஓர் இடம் வேண்டும். உலர்ந்த காயின் தோல் நீக்கும் சிறு இயந்திரம் ஊராட்சிக்கு ஒன்றாவது பொதுவில் இருக்க வேண்டும். அது இல்லாமல் உருளை இருந்தும் பயனில்லை.

தோட்டத் தொழிலாளரை இங்கே மறக்கக் கூடாது. நெல்லியாம்பதியில் காப்பியின் பெரும்பகுதி தோட்டங்களுக்குரியது. பறிப்பவருக்குச் சொந்தமாக ஒரு பிடி கொட்டை கிடையாது. உருளை பற்றிய என் வாதம் நிலமுள்ளவரோடு நின்றுவிட்டால் அது அரைகுறையானது. தோட்டங்கள் தம் தொழிலாளர் குழுக்களுக்கு மலைவிலையில் ஓரளவு பருப்பை விற்க வேண்டும் என்பதைத் தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம். கூலியுயர்வுக்கு இது மாற்றில்லை; அதனோடு சேர்த்துக் கேட்க வேண்டியது.

இப்பதிவைப் படிக்கும் நகரத்து நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை காப்பித்தூள் வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எந்த மலையில் விளைந்தது, யார் வறுத்தது, என்று வறுத்தது? முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் விடை கிடைக்காது. ஆனால் பலர் தொடர்ந்து கேட்டால், விடை சொல்லக்கூடியவரிடம் வாங்க வேண்டிய நெருக்கடி வணிகருக்கு வரும். எல்லையோர மலைகளில் வறுத்து விற்கத் தொடங்கியிருக்கும் குழுக்களை நீங்கள் அறிந்திருந்தால் கீழே பின்னூட்டத்தில் ஊர்ப்பெயரோடு குறிப்பிடுங்கள். அவற்றைத் தொகுத்து அடுத்த பதிவில் தருகிறேன்.